கம்பளிகள் கேட்ட கச்சேரி

புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்காக நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். நாலு வார்த்தையோடு நிறுத்தத் தெரிந்திருந்தால் நான் ஏன் ஓவர்சியர் ஆகிறேன்? தந்தி ஆபீசில் சேர்ந்திருப்பேனே.

நான் கட்டியவற்றில் பெரும்பாலானவை இன்றும் நிற்கின்றன. அதில் என் பங்கு குறைவு, சிமெண்டின் பங்கு அதிகம். கலவைக் கணக்கும் கம்பிக் கணக்கும் உங்கள் புத்தகத்தில் இருக்கின்றன; அவற்றை என்னிடம் கேட்டால் இரண்டு பேரும் சங்கடப்படுவோம். ஒரே ஒரு கட்டிடத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கொடைக்கானலில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், கான்கிரீட்டும் மரமுமாக நான் வேலை பார்த்த ஒரு சங்கீத மண்டபம்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எனக்குச் சங்கீதம் தெரியாது. கெட்டிமேளம் கொட்டினால் தாலி கட்டுகிறார்கள் என்று புரியும். என் ஞானம் அத்தோடு சரி. அப்படிப்பட்டவனை ஏன் அனுப்பினார்கள் என்றால், மழைக்காலமும் பனிக்காலமும் மலையிலேயே தங்கி வேலையை முடிக்க வேறு யாரும் முன்வரவில்லை. மற்றவர்களுக்குக் குடும்பம் இருந்தது. எனக்குக் குடை இருந்தது.

மண்டபத்தின் சுவரையும் கூரையையும் வரைந்தவர் மதுரையில் இருந்த எங்கள் பெரிய இன்ஜினியர். அதிகம் பேசாத மனிதர். வரைபடத்தைச் சுருட்டி என் கையில் கொடுத்தபோது சொன்னார்: “வெளி ஓடு என்னுது. உள்ள பலகை வேலை உம்முது. சத்தம் நல்லா இருந்தா பேர் உமக்கு. இல்லேன்னாலும் உமக்குத்தான்.”

சத்தம் சரியில்லாமல் போனால் என்ன ஆகும் என்பதும் அப்போதே தெரிந்திருந்தது. மண்டபம் வேண்டும் என்று கேட்ட துரைமார் கமிட்டியில் பாதிப் பேர் சங்கீதக்காரர்கள், பாதிப் பேர் பாட்மிண்டன்காரர்கள். செக்ரட்டரி துரை பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், பாட்மிண்டன் கட்சி. முதல் கச்சேரி கேட்கும்படி இல்லையென்றால் பலகையை எல்லாம் பிடுங்கிவிட்டு, தரையில் கோடு போட்டு, வலை கட்டிவிடுவது என்று கமிட்டியில் பேசி முடித்திருந்தார்கள்.

மழைக்காலத்துக் கொடைக்கானலை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். சீசனுக்கு வந்தவர்கள் இறங்கிப் போய், பங்களா ஜன்னல்களை எல்லாம் பலகை அடித்து மூடிவிட்டால், ஏரியும் மூடுபனியும் சில காவல்காரர்களும் அவர்களுடைய நாய்களும்தான் மிச்சம். என்னிடம் கன்னிவாடி ஆசாரிகள் ஐந்து பேர் வேலை பார்த்தார்கள். நல்ல கைகள். ஆனால் நான் பக்கத்தில் போய் நின்றால் அவர்கள் பேச்சு நின்றுவிடும். பிற்பகல் நாலு மணிக்கு உளியைத் துடைத்து வைத்துவிட்டுத் தங்கள் கொட்டகைக்குப் போய்த் தீ மூட்டி உட்காருவார்கள். சிரிப்புச் சத்தம் கேட்கும். நான் ஒருநாள் எட்டிப் பார்த்தேன். ஐந்து பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். அதற்குப் பிறகு நான் எட்டிப் பார்க்கவில்லை. பாவம், அவர்களுக்கும் உட்கார வேண்டும் அல்லவா?

ஆக, நாலு மணிக்குப் பிறகு மண்டபமும் நானும்தான். மேடையில் ஏறி நின்று அதனோடு பேச ஆரம்பித்தேன். பாடத் தெரியாது என்பதால் தெரிந்ததைச் சொன்னேன். வாய்ப்பாடு. சுவர் வெறும் கான்கிரீட்டாக இருந்தபோது “ஏழெட்டு” என்று நான் வாயெடுப்பதற்குள், முன்னால் போன “ஈரெட்டு பதினாறு” திரும்பி வந்து குறுக்கே நிற்கும். ஒரு கணக்கு முடிவதற்குள் மூன்று கணக்கு கலந்து, எதற்கு எது விடை என்று தெரியாத சந்தைக்கடை.

சுவரில் மரச்சட்டம் அடித்தோம். அதன்மேல் இடைவெளி விட்டுப் பலகை. பலகைக்கும் சுவருக்கும் நடுவே தேங்காய் நார். பாலசமுத்திரத்திலிருந்து நார் மூட்டை வந்து இறங்க இறங்க, ஒவ்வொரு சுவராக அடைத்துக்கொண்டே போனோம். ஒவ்வொரு சுவர் முடிந்ததும் நான் மேடையேறி வாய்ப்பாடு சொல்லிப் பார்ப்பேன். மாசி மாதத்தில் ஒருநாள் “ஏழெட்டு அம்பத்தாறு” என்றேன். அம்பத்தாறு என்னைவிட்டுப் போய், பின்வரிசை வரை நடந்து, மெதுவாகத் திரும்பிப் பார்த்துவிட்டு அடங்கியது. தலையணையில் தலை வைத்த மாதிரி இருந்தது. எங்கேயும் இடறல் இல்லை. அன்றே பெரிய இன்ஜினியருக்கு எட்டுப் பக்கம் கடிதம் எழுதினேன். பதிலே வரவில்லை. பொறாமையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். சின்ன வயசு.

ஒரே ஒரு குறை. வாசல் கதவை அங்கேயே வெட்டிய யூகலிப்டஸ் மரத்தில் செய்யச் சொல்லியிருந்தேன். பச்சை மரம் வேண்டாம், காயட்டும் என்று பெரிய ஆசாரி இரண்டு முறை சொன்னார். எனக்கு அவசரம். கதவு மாட்டிய மறுவாரமே பனியைக் குடித்து உப்பி, நிலைக்குள் முழுசாகப் போய் உட்கார மறுத்தது. வெளிப்பக்கம் திறக்கும் கதவு. வெளியிலிருந்து முதுகைக் கொடுத்துத் தள்ளினால்தான் சாத்தும். உள்ளேயிருந்து இழுக்கலாம் என்றால் கைப்பிடி இல்லை. உள்பக்கம் கைப்பிடி வைத்தால் பலகையின் அழகு கெட்டுவிடும் என்று வேண்டாமென்றவனும் நான்தான்.

பங்குனி கடைசியில் ஒரு பிற்பகல் ஆலங்கட்டி மழை பிடித்தது. மேல்மலைக் கிராமங்களிலிருந்து உருளைக்கிழங்கும் பூண்டும் சுமந்துகொண்டு பஜாருக்குப் போய்க்கொண்டிருந்த ஜனம், ஆணும் பெண்ணுமாக இருநூறு பேருக்குக் குறையாமல், நடு ரோட்டில் மாட்டிக்கொண்டது. நான் கதவைத் திறந்துவிட்டேன்.

“ஏலே, வெரசா உள்ள வாங்க! மூட்டைய நனைய விடாதீங்க, நீங்க நனைஞ்சாப் பரவால்ல!” என்று முன்னால் வந்த ஒரு அம்மாள் அதட்டினாள். பூவாயி என்று பெயர். அவள் சொன்ன வரிசையில்தான் எல்லோரும் வந்தார்கள். எல்லோர் தோளிலும் கம்பளி. அவர்களோடு, வசூலுக்கு மேல்மலை போய்த் திரும்பிக்கொண்டிருந்த பஜார் கம்பளிக்கடை ராவுத்தரும் ஒதுங்கினார்.

அன்றைக்குத்தான் சீசனுக்காக நாற்காலிகளை வரிசை போட்டு வைத்திருந்தோம். ஜனம் அதில் உட்கார்ந்தது. பிள்ளைகளே, ஆறு மாதமாக ஆளற்ற மண்டபத்தில் பேசிக்கொண்டிருந்தவன் முன்னால் இருநூறு பேர் வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும்? நான் மேடையில் ஏறிவிட்டேன். இந்த மண்டபத்தின் பெருமையை நாலு வரி சொல்லிவிட்டு, நிரூபணமாகப் பதினாறாம் வாய்ப்பாட்டை எடுத்துவிட்டேன்.

மூன்றாவது வரி போகவில்லை. பின்வரிசையிலிருந்து பூவாயி எழுந்தாள்.

“ஐயா, நீங்க பேசுறீங்களா, மெல்லுறீங்களா?”

குரலை உயர்த்தினேன். என் வாயை விட்டு இறங்கியதும் சொல் காணாமல் போனது.

“தொண்ட கட்டிக்கெடக்கு போல. பூண்டு ரெண்டு பல்லு சுட்டுத் தரட்டுங்களா?”

கொல்லென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்புகூட மேடைக்குச் சரியாக வந்து சேரவில்லை. எங்கேயோ அடுத்த வீட்டில் சிரிக்கிற மாதிரி இருந்தது. தொண்டைதான் போய்விட்டது என்று நானும் நம்பப் பார்த்தேன். அதற்குள் ஒரு கிழவர் எழுந்து, “ஐயா நில்லுங்க, நான் கூப்புடுறேன்” என்று, அந்த மலையில் நின்று இந்த மலைக்கு ஆடு மேய்ப்பவனைக் கூப்பிடுகிற கூப்பாட்டை எடுத்தார். பள்ளத்தாக்கைத் தாண்டுகிற குரல். என் மண்டபத்தில் அது நாலாவது வரிசையைத் தாண்டவில்லை. கிழவர் தன் தொண்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மழை விட்டது. மூட்டையைத் தூக்கிக்கொண்டு போகும்போது பூவாயி ஆறுதலாக, “எடம் நல்லாத்தான் இருக்கு. தூக்கத்துக்குத் தோதா இருக்கு” என்றாள். ராவுத்தர் மட்டும் சுவரைத் தட்டிப் பார்த்தார். “நாளைக்கு வெள்ளனே கடைப்பக்கம் வாங்க தம்பி” என்று சொல்லிவிட்டுப் போனார்.

காலையில் போனேன். கடைக்குள் தரையிலிருந்து கூரை வரை கம்பளி அடுக்கு. என்னை வாசலில் நிறுத்திவிட்டு ராவுத்தர் அடுக்குகளுக்குப் பின்னால் போனார். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்தார்.

“நான் சொன்னது கேட்டுச்சா?”

“ஒண்ணும் கேக்கலையே. என்ன சொன்னீங்க?”

“உங்களத் திட்டினேன். நல்லாக் கத்தித்தான் திட்டினேன். முப்பது வருசமா வீட்டுல கோவம் வந்தா நான் இங்க வந்துதான் தீத்துக்குவேன். ஒரு ஈ காக்காய்க்குக் கேக்காது.” பிறகு என் தோளில் கிடந்த கம்பளியைச் சுண்டினார். “இது சத்தத்தத் திங்கும் தம்பி. உங்க மண்டபத்துக்கு வர்ற தொரைமாரு, தொரசானிக எல்லாம் இந்தக் குளுருக்கு வெறும் மேலாவா வருவாங்க? அவங்க கோட்டு பாதியத் தின்னுரும், மீதிய நீங்க நார வச்சுத் தின்னுட்டீங்கள்ல?”

ஆறு மாதம் நான் ஒருத்தனாக நின்று, என் ஒருத்தன் குரலுக்கு அந்த மண்டபத்தை அளவெடுத்துத் தைத்திருக்கிறேன். உலகத்திலேயே ஒரே ஒரு ஆளுக்குப் பொருத்தமான மண்டபம். நாற்காலி முந்நூறு. கட்டிடத்தில் ஜனம் வரும் என்பதை வரைபடத்தில் குறிக்க யாருக்கும் தோன்றுவதில்லை. எனக்கோ, வாழ்க்கையிலேயே ஜனம் வரும் என்று தோன்றாமல் போயிருந்தது.

பெரிய இன்ஜினியருக்குப் பதறி எழுதினேன். இந்தத் தடவை பதில் வந்தது. ஒரே வரி: “பலகை உம்முடையது, முடிவும் உம்முடையது, திறப்புக்கு வருகிறேன்.” அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மடித்துப் பையில் வைத்தேன்.

நாரைப் பிடுங்க வேண்டும். எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் மண்டபம் நிறைய ஆள் வேண்டும். ஆள் எங்கே? மேல்மலை ஜனத்துக்கு அறுவடை. சீசன் ஆரம்பிக்க மூன்று வாரம். கடைசியில் ராவுத்தர் தன் கம்பளிகளைக் கொடுத்தார். பஜார் கிடங்கில் லாரிக்குக் காத்துக் கிடந்த உருளைக்கிழங்கு மூட்டைகளையும் கிழங்குக்காரர்களிடம் பேசி வாங்கிக் கொடுத்தார். நாற்காலிக்கு ஒரு மூட்டை. மூட்டைக்கு ஒரு கம்பளி. மூட்டை போதாத இடத்தில் நாற்காலி முதுகில் கம்பளியை மட்டும் போர்த்தினோம். முதல் வரிசையில் ஒரு மூட்டைக்குச் செக்ரட்டரி துரையின் சாயல் அப்படியே இருந்தது. பேசாமல் இருந்தது ஒன்றுதான் வித்தியாசம். அந்த மூட்டைக்கு மட்டும் ஆசாரிகள் தலைப்பாகை கட்டினார்கள். அன்றுதான் என் முன்னால் அவர்கள் முதல்முறையாகச் சிரித்தது.

மூட்டைகளுக்கு நான் வாய்ப்பாடு சொன்னேன். பின்சுவரில் நாரை எடுத்தோம், சொன்னேன். கூரையில் பாதி எடுத்தோம், சொன்னேன். பலகை இடைவெளிகளில் சிலவற்றைச் சட்டம் அடித்து மூடினோம், சொன்னேன். நாலாவது நாள் ஏழெட்டு அம்பத்தாறு பின்வரிசை மூட்டைவரை போய்ச் சேர்ந்தது. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த பெரிய ஆசாரி கையைத் தூக்கினார். மூட்டைகளைக் கிடங்குக்குத் திருப்பி அனுப்பிவிட்டுக் கம்பளிகளை மேடைமேல் குவித்தோம்.

அந்த நேரம் பார்த்துச் செக்ரட்டரி துரை வந்து நின்றார். வெறும் மண்டபத்தின் நடுவில் நின்று ஒருமுறை கை தட்டினார். என் மண்டபம் அவருக்கு ஏழெட்டு முறை கை தட்டியது.

துரை இங்கிலீஷில் சொன்னதைத் தமிழில் தருகிறேன். அவர் சொன்னபோது இன்னும் நீளமாக இருந்தது.

“இது மண்டபமா, கிணறா? போன மாதம் நன்றாக இருந்ததே! எடுத்ததை எல்லாம் திருப்பி வை.”

அவர் சொல்கிறபடி செய்துவிட்டால் பழி என்மேல் வராது. மண்டபம் ஊமையாகும், பாட்மிண்டன் வரும், “துரை உத்தரவு” என்று ஒரு காகிதம் என்னிடம் இருக்கும். வேலைக்கு வந்த முதல் பத்து வருஷத்தில் இந்தக் காகிதம்தான் உங்களுக்கு மிகவும் ஆசைகாட்டும். நான் வீரனென்று நினைத்துவிடாதீர்கள். மூட்டைகளுக்கு நாலு நாள் வாய்ப்பாடு சொன்னது வீணாகிவிடுமே என்ற ஆற்றாமைதான் என்னைப் பேசவைத்தது.

“பத்து நிமிஷம் கொடுங்கள், ஐயா.”

ஆசாரிகள் நாற்காலி ஒவ்வொன்றின் முதுகிலும் கம்பளியைப் போர்த்தினார்கள். “இப்போது தட்டுங்கள்” என்றேன். தட்டினார். ஒரே ஒரு தட்டு. சுத்தமாகப் போய், சுத்தமாக அடங்கியது. துரை ஒரு கம்பளியைத் தூக்கிப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். மறுபடியும் போர்த்தினார். அந்தப் பார்வையை மெச்சுதல் என்று நினைத்து எனக்குப் பெருமை தாங்கவில்லை.

“கச்சேரி அன்று ஆள் நிறைந்தால் இப்படி இருக்கும் என்கிறாயா?”

“ஆமாம்.”

“இல்லையென்றால் மறு திங்கட்கிழமை பலகையை நீயே பிடுங்க வேண்டும்.”

எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கம்பளிகள் கடைக்குத் திரும்பின.

திறப்பு நாள் பிற்பகல் மூன்று மணிக்குக் கச்சேரி. பதினொரு மணிக்கே மூடுபனி இறங்கிவிட்டது. கீழேயிருந்து வர வேண்டிய கார்களும் பஸ்ஸும் மலைப்பாதையில் ஒன்றின் பின்னால் ஒன்றாக நின்றுவிட்டன. பெரிய இன்ஜினியரும் அதில் ஒன்றில்தான் இருந்தார். முந்நூறு நாற்காலியில் தொண்ணூறு பேர்கூட இல்லை.

மிஷன் பள்ளி டீச்சரம்மா ஒருவர் பியானோவில் கை வைத்தார். போன சுரம் திரும்பி வந்து வருகிற சுரத்தோடு மோதிக்கொண்டது. எனக்குச் சங்கீதம் தெரியாது; ஆனால் ஈரெட்டும் ஏழெட்டும் மோதுகிற சத்தம் எனக்குத் தெரியும். அந்த அம்மாளின் முகம் சிவந்தது. ஜனம் நெளிந்தது. முன்வரிசையில் செக்ரட்டரி துரை திரும்பி என்னைத் தேடிப் பிடித்தார். தன் கைத்தடியின் நுனியால் தரையில் நீளமாக ஒரு கோடு இழுத்தார். பாட்மிண்டன் கோடு.

பஜாருக்கு ஓடிக் கம்பளி கொண்டுவர நேரமில்லை. அரைகுறையாகச் சாத்தியிருந்த கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். வாசல் கொட்டகையில் ரிக்‌ஷா இழுக்கிறவர்கள், தள்ளுகிறவர்கள், சுமைக்காரர்கள். சீசனுக்காக இறங்கி வந்த மேல்மலை ஆட்களும் அவர்களோடு. நூறு பேருக்கு மேல் இருக்கும். எல்லோரும் கம்பளியைத் தலையோடு மூடிக்கொண்டு, தங்கள் துரைமார் வெளியே வருவதற்காகக் குந்தியிருந்தார்கள்.

“எல்லாரும் உள்ள வாங்க!”

ஒருவரும் எழவில்லை. மாயாண்டி என்ற ரிக்‌ஷாக்காரர் மட்டும் கேட்டார்: “என்ன தப்புச் செஞ்சோம், ஐயா?”

“ஒரு தப்பும் இல்ல. உள்ள வந்து பின்னால நில்லுங்க, போதும்.”

“தொர வைவாரே?”

“என்னத்தான் வைவாரு. நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். சும்மா நிக்கணும். கம்பளிய மட்டும் கழட்டிறாதீங்க.”

மாயாண்டி மற்றவர்களைப் பார்த்தார். “சும்மா நிக்கிறதுக்குக் கூப்புடுறாரப்பா. இப்புடி ஒரு சோலி நமக்கு எந்தக் காலத்துல கெடச்சிருக்கு? எந்திரிங்க.”

முதல் உருப்படி முடிந்து தயங்கித் தயங்கிக் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தின் மறைவில் நூறு கம்பளிகளும் உள்ளே போய்ப் பின்சுவரோரமாகவும் பக்கவாட்டிலும் நின்றன. சில தலைகள் திரும்பின. அதற்குள் ஒருவர் பிடிலைத் தோளில் வைத்துவிட்டார். கதவைச் சாத்த வேண்டும்; திறந்திருந்தால் காற்றும் பனியும் குதிரைக் கனைப்பும் உள்ளே போகும். கதவு உப்பிக் கிடக்கிறது. உள்ளே கைப்பிடி இல்லை.

ஆக, நான் வெளியே நின்றேன். முதுகைக் கொடுத்துக் கதவைத் தள்ளி, குதிகாலை மண்ணில் ஊன்றி, கச்சேரி முடியும் வரை அப்படியே. எதிரே மூடுபனி. பத்தடிக்கு அப்பால் ஏரியும் இல்லை, ரோடும் இல்லை, நாற்பது ரிக்‌ஷாக்கள் ஆளில்லாமல் மூக்கைத் தரையில் வைத்துக் கிடந்தன. அப்போது கதவுப் பலகையில் ஏதோ ஊர்ந்தது. முதலில் நடுக்கம் என்று நினைத்தேன், என் நடுக்கம். இல்லை. பிடில். மெல்லிய கம்பி இழுப்பு தோள்பட்டைக்கு நடுவிலும், பியானோவின் தடித்த சத்தம் இடுப்பருகிலும் வந்து தட்டின. ஒன்றோடொன்று மோதவில்லை. ஒன்று வந்து, நின்று, போன பிறகு அடுத்தது வந்தது. நான் கட்டிய மண்டபத்தின் முதல் சங்கீதத்தை நான் முதுகால் கேட்டேன். நன்றாக இருந்தது என்று முதுகு சொன்னது. முன்பக்கம் நனைந்துவிட்டிருந்தது.

முடிந்ததும் உள்ளே எழுந்த கைதட்டலில் கதவே அதிர்ந்தது. வெளியே வந்த மாயாண்டியிடம் கேட்டேன்.

“எப்புடி இருந்துச்சு?”

“கதகதன்னு இருந்துச்சுங்க.”

“அதில்லய்யா, சத்தம்?”

அவர் யோசித்தார். “காதுகிட்ட வந்து நின்னுச்சுங்க. பேர் சொல்லிக் கூப்பிட்டாப்புல இருந்துச்சு. ஒரு தடவ திரும்பிக்கூடப் பாத்தேன்.”

மறுநாள் காலையில் பெரிய இன்ஜினியர் வந்து சேர்ந்தார். வெறும் மண்டபத்தில் ஒருமுறை கை தட்டினார். அது இரைந்து இரைந்து அடங்கும் வரை தலையைச் சாய்த்துக் கேட்டார்.

“முந்நூறு பேரா?”

“ஆமா சார்.”

“கம்பளியோட?”

“கம்பளியோட.”

தலையசைத்தார். எட்டுப் பக்கக் கடிதத்துக்கு அதுதான் பதில். பிறகு, “நேத்து நீர் எங்க நின்னு கேட்டீர்?” என்றார். சொன்னேன். கதவருகே போய் உள்பக்கப் பலகையைக் கையால் தடவிப் பார்த்தார். “ஒரு கைப்பிடி வையும்” என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

பாட்மிண்டன் போயிற்று. பலகை தப்பியது. இத்தோடு நிறுத்தினால் நான் உங்களுக்குக் கெட்டிக்காரனாகத் தெரிவேன். என்ன செய்வது, மிச்சமும் இருக்கிறது.

அடுத்த வாரம் செக்ரட்டரி துரை என்னைக் கூப்பிட்டு மனதாரப் பாராட்டினார். ரிக்‌ஷாக்காரர்களை உள்ளே விட்டது பற்றி ஒரு வார்த்தை வையவில்லை. “இனி அந்தத் தொந்தரவு வேண்டாம்” என்றார். ராவுத்தரிடம் கமிட்டியே கம்பளிகள் வாங்கிவிட்டது. ஆள் வராத நாற்காலிகளுக்கெல்லாம் போர்த்திவிடலாம். “நீ செய்து காட்டினாயே, அதே மாதிரி” என்றார்.

இரண்டாவது கச்சேரியில் அப்படியே செய்தார்கள். நான் உள்ளே புதுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். ஆரம்பிக்கும் முன், மாயாண்டி தன் ரிக்‌ஷாவில் வந்த துரைசானியை வாசலில் இறக்கிவிட்டு, கதவிடுக்கில் எட்டிப் பார்த்தார். அன்று அவர் நின்ற பின்சுவருக்கு முன்னால் ஒரு வரிசை முழுக்கக் கம்பளி.

“யாருங்கய்யா, ஆளக் காணோம்? கம்பளி மட்டும் உக்காந்திருக்கு?”

“அது... சத்தத்துக்காக, மாயாண்டி.”

தலையை இன்னும் கொஞ்சம் உள்ளே நீட்டி அந்த வரிசையைப் பார்த்தார். கேலியாகக் கேட்கவில்லை, அறியாமல்தான் கேட்டார்.

“அதுக்குக் குளுருதுங்களா?”

உள்ளே பியானோவைத் தட்டிப் பார்க்கிறார்கள். கைப்பிடியை இழுத்துக் கதவைச் சாத்தினேன். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். அன்று என்ன வாசித்தார்கள் என்று கேட்காதீர்கள். என் காதில் ஒன்றும் விழவில்லை.

பிள்ளைகளே, பச்சை மரத்தில் கதவு செய்தது ஒரு தப்பு. ஒருத்தன் குரலுக்கு மண்டபம் தைத்தது ஒரு தப்பு. இரண்டும் திருத்திக்கொள்ளக் கூடியவை; மண்டபத்தைத் திருத்தினேன், கதவுக்குக் கைப்பிடியாவது வைத்தேன். ஆனால் ஆள் இல்லாமலும் ஒப்பேற்றலாம் என்று, அதிகாரம் உள்ள ஒருவர் முன்னால் பத்து நிமிஷத்தில் செய்து காட்டினேன் பாருங்கள், அதைத் திருத்த எந்த ஆசாரியாலும் முடியவில்லை. உங்களுக்கும் ஒருநாள் இப்படி ஒரு வித்தை கையில் கிடைக்கும். காட்டும் முன்னால் கொஞ்சம் யோசியுங்கள். காட்டித்தான் ஆக வேண்டும் என்றால், கூடவே “நானே போய் ஆட்களைக் கூப்பிடுகிறேன்” என்றும் சொல்லுங்கள். எனக்கு அது அப்போது தோன்றவில்லை. பாராட்டு வாங்கிய அன்று, துரையின் அறையை விட்டு வெளியே வந்து, படி இறங்கி, ஏரிக்கரையில் பாதி தூரம் நடந்த பிறகுதான் தோன்றியது. நான் திரும்பிப் போகவில்லை.

சீசன் முடிந்து ஊர் மறுபடியும் காலியானது. சாவியை ஒப்படைத்துவிட்டு நானும் இறங்க வேண்டும். பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. மண்டபத்துக்குப் போனேன். கம்பளிகளை மடித்து உள்ளறையில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். என் கம்பளியை எடுத்து, பின்வரிசையில் ஒரு நாற்காலியில் போர்த்திவிட்டு மேடையேறினேன்.

“ஏழெட்டு” என்றேன்.

ஒரு கம்பளி எந்த மூலைக்குப் போதும்? ஏழெட்டு எல்லாச் சுவரிலும் பட்டுத் திரும்பியது. முன்னால் சொன்னதும் பின்னால் சொன்னதுமாகக் கலந்து, இருபது முப்பது பேர் சேர்ந்து சொல்கிறமாதிரி, ஒரு வகுப்பே பெஞ்சில் உட்கார்ந்து கத்துகிறமாதிரி வந்தது. பதினாறாம் வாய்ப்பாடு வரை சொன்னேன். நான் நிறுத்தியதும் அவர்களும் நிறுத்தினார்கள்.

வெளியே வந்தேன். கதவு அப்போதும் உப்பித்தான் இருந்தது. முதுகைக் கொடுத்துத் தள்ளினால்தான் பூட்டு விழும். தள்ளினேன், விழுந்தது. பூட்டு விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே சாய்ந்து நின்றேன், பஸ் ஹாரன் கேட்கும் வரை. பலகையில் ஒன்றும் வரவில்லை.